நிற்கும் கார், திரும்பும் கார்

(ரேஸ் டிராக்கில் சொந்தக் காரை ஓட்டும் ஆர்வலர்களுக்காகச் சென்னையில் ஆற்றிய உரை)



வீல் அலைன்மென்ட் கடையில் காத்திருந்த அனுபவம் உங்கள் எல்லோருக்கும் இருக்கும். கார் ரேம்பில் நிற்கிறது. நாலு சக்கரத்திலும் தட்டுகளை மாட்டியாயிற்று. திரையில் எண்கள் ஓடுகின்றன. கம்பெனி சொன்ன அளவுக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. கடைப் பையன் ஸ்பேனரைத் திருப்பத் திருப்ப, சிவப்பெல்லாம் ஒவ்வொன்றாகப் பச்சையாகிறது. பிரின்ட் எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறான். மனசுக்குத் திருப்தியாக இருக்கிறது.

அதே கடைக்குப் போய், "முன்னால ரெண்டு பக்கமும் கேம்பர் மைனஸ் மூணு வையுங்க, மொத்தமா ஒரு மில்லி டோ அவுட் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். "சார், எல்லாம் சிவப்புல நிக்கும். டயர் உள்பக்கம் போயிடும். அப்புறம் எங்ககிட்ட வந்து கேக்கக் கூடாது" என்பார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. அண்ணா சாலையில் ஓடுகிற காருக்கு அந்தப் பச்சைதான் சரி. மெஷின் அளப்பது நிற்கிற காரை என்பதுதான் சிக்கல். டிராக்கில் நமக்கு வேண்டியது, முழு வேகத்தில் வளைவின் நடுவே, கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் பாரமெல்லாம் இறங்கியிருக்கிற அந்த நேரத்தில் சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது. அந்த எண்ணை எந்தக் கடையின் திரையும் காட்டாது. டயரிடம்தான் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

உதாரணத்துக்கு ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன்: போர்ஷே கேமன். விலையை நினைத்துப் பெருமூச்சு விட வேண்டாம். நான் அதை எடுப்பதற்குக் காரணம், அதன் நாலு சக்கரத்திலும் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் இருப்பதுதான். உங்கள் ஸ்விஃப்டின் முன்பக்கத்திலும் போலோவின் முன்பக்கத்திலும் இருப்பது அதே வகைதான். கேமனுக்குச் சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

இந்த ஸ்ட்ரட்டுக்குப் பெயர் கொடுத்த ஏர்ல் மெக்ஃபெர்சன், 1940-களில் ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு சின்ன செவ்ரலே காருக்காக உழைத்தவர். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அவர் ஃபோர்டுக்குப் போனார். 1950-ல் இங்கிலாந்தில் வந்த ஃபோர்டு கான்சல் காரில் அவருடைய யோசனை ஓடியது. ஷாக் அப்சார்பரையே தூணாக்கி, மேல் ஆர்ம் என்பதே இல்லாமல் சக்கரத்தைத் தாங்கவைத்தார். மலிவு, எடை குறைவு, இடம் மிச்சம். உலகத்தில் பாதிக் கார்கள் இன்றைக்கும் அதில் ஓடுகின்றன என்றால் அந்த மனிதருக்குக் கும்பிடு போடலாம். ஆனால் டிராக்கில் ஓட்டுகிறவனுக்கு அவர் ஒரு கடனையும் விட்டுப் போயிருக்கிறார். அதைப் பார்ப்போம்.

கேம்பர் என்பது சக்கரத்தின் சாய்வு. முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் தலை காரை நோக்கி உள்ளே சாய்ந்திருந்தால் மைனஸ், வெளியே சாய்ந்திருந்தால் பிளஸ். இப்போது கணக்குப் போடுங்கள். வளைவில் உங்கள் கார் 3 டிகிரி சாய்கிறது என்று வையுங்கள். பாடி சாய்ந்தால் அதோடு பிணைந்த சக்கரமும் சாயத்தான் செய்யும். வெளிச்சக்கரம் தரையைப் பொறுத்து 3 டிகிரி வெளியே சரிய வேண்டும். அதே நேரத்தில் ஸ்பிரிங் அமுங்குவதால் சஸ்பென்ஷன் கொஞ்சம் மைனஸைத் திருப்பித் தருகிறது. மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் தருவது கஞ்சத்தனமாகத்தான். 1 டிகிரி தந்தது என்று வைப்போம். மீதி 2 டிகிரி நட்டம். கடையில் நீங்கள் மைனஸ் 1-ல் நிறுத்தியிருந்தால், வளைவின் நடுவில் சக்கரம் பிளஸ் 1-ல் இருக்கிறது. டயரின் வெளிஓரத்தில் மட்டும் கார் நடக்கிறது. உள்பாதி ரப்பர் சும்மா கூடவே வருகிறது. இதைச் சரிக்கட்ட நிற்கும்போதே மைனஸ் 3 வேண்டும். அப்போதுதான் வளைவில் மைனஸ் 1 மிஞ்சும். மைனஸ் 3 என்கிற எண் யாரோ வேகமாக ஓட்டுகிறவர் சொன்ன மந்திரம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், அது ஒரு கூட்டல் கழித்தல். உங்கள் காரின் சாய்வு வேறாக இருந்தால் விடையும் வேறு.

டபுள் விஷ்போன் உள்ள காருக்கு இந்தக் கடன் குறைவு. மேல் ஆர்ம் குட்டையாகவும் கீழ் ஆர்ம் நீளமாகவும் இருப்பதால், அமுங்கும்போது சக்கரம் தானாகவே உள்ளே நன்றாகச் சாயும். 1989-ல் வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5 நாலு சக்கரத்திலும் அந்த அமைப்போடு வந்தது. அதை ஓட்டியவர்கள் இன்னும் பாடிக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். போர்ஷேயும் ரொம்ப காலம் ஸ்ட்ரட்டிலேயே ஓட்டிவிட்டு, 2021-ல் வந்த 911 ஜிடி3-யில் முன்பக்கத்துக்கு டபுள் விஷ்போன் போட்டது. ரோட்டில் ஓடும் 911 ஒன்றில் அதுவே முதல் தடவை.

இங்கே ஒரு வார்த்தை. காரைத் தாழ்த்தினால் டிராக்கில் நன்றாக ஓடும் என்று ஸ்பிரிங்கை வெட்டுகிற தம்பிகள் சிலர் இந்த அரங்கிலும் இருக்கலாம். ஸ்ட்ரட் உள்ள காரை அளவுக்கு மீறித் தாழ்த்தினால், கீழ் ஆர்ம் சக்கரத்தை நோக்கி மேல்முகமாக ஏறி நிற்கும். அதற்கு மேல் ஸ்பிரிங் அமுங்க அமுங்க மைனஸ் கூடாது, குறைய ஆரம்பித்துவிடும். போதாக்குறைக்கு மேடுபள்ளத்தில் ஸ்டியரிங்கைத் தொடாமலே சக்கரம் திரும்பும். பார்க்க அழகாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

சரி, மைனஸ் 3 எங்கிருந்து வரும்? சாதாரண கேமனில் ஸ்ட்ரட்டின் மேல்முனையை உள்ளே தள்ளக் கொஞ்சம் இடம் உண்டு. அது சீக்கிரம் தீர்ந்துவிடும். கேமன் ஜிடி4, 911 ஜிடி3 மாடல்களில் கீழ் ஆர்ம் இரண்டு துண்டாக வருகிறது. நடுவே ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகளைச் செருகினால் ஆர்ம் நீளும், சக்கரத்தின் கால் வெளியே போகும், தலை உள்ளே சாயும். சாதா கேமன் வைத்திருப்பவர்கள் அந்த ஆர்மையே வாங்கி மாட்டுவது வழக்கம். எத்தனை தகடு என்று எழுதி வைத்துக்கொண்டால் போடுவதும் எடுப்பதும் சுலபம். ஒன்றை மறக்கக் கூடாது: கால் வெளியே போனாலும் டை ராட் பழைய நீளத்திலேயே நிற்கிறது. அதனால் டோ மாறிவிடும். எப்போதும் கேம்பரை முதலில் முடித்துவிட்டுக் கடைசியில்தான் டோவைத் தொட வேண்டும். மாற்றிச் செய்தால் இரண்டு தடவை வேலை.

மைனஸுக்கு விலை உண்டு. நேர்ப்பாதையில் கார் சாய்வதில்லை. டயர் உள்ஓரத்தில்தான் நிற்கிறது. பிரேக் போடும்போது முழு அகலமும் தரையைப் பிடிக்காது, ஏபிஎஸ் முன்னமே துடிக்கும். நீண்ட நேர்ப்பாதையில் உள்ஓரம் மட்டும் சூடேறும். இந்த விலையை உலகமே பார்க்கக் கட்டியது ரெட் புல் ஃபார்முலா 1 அணி, 2011 பெல்ஜியம் கிராண்ட் பிரீயில். அது நடந்த ஸ்பா டிராக் 7 கிலோமீட்டர் நீளம். மேட்டில் ஏறும் நேர்ப்பாதையில் வண்டி மூச்சுவிடாமல் முழு வேகத்தில் போகும். டயர் கொடுத்த பிரெல்லி, முன்சக்கர கேம்பர் இதற்கு மேல் போக வேண்டாம் என்று ஓர் அளவைப் பரிந்துரைத்திருந்தது. ரெட் புல் அதைத் தாண்டி வைத்தது. தகுதிச் சுற்று முடிந்து பார்த்தால் முன்டயர்களின் உள்ஓரத்தில் கொப்புளம். அதற்குப் பிறகு வண்டியைத் தொட விதி இடம் தராது. மாற்ற அனுமதி கேட்டும் கிடைக்கவில்லை. அதே கேம்பரோடு கிளம்பி, இரண்டு கார்களையும் சீக்கிரமே பிட்டுக்குள் அழைத்து டயரை மாற்றி, அணியின் டிரைவர்கள் வெட்டலும் வெப்பரும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தார்கள். ஜெயித்ததால் அது சரி என்று ஆகிவிடாது. அதன் பிறகு பிரெல்லியின் கேம்பர் அளவு பரிந்துரையாக இல்லாமல் விதியாகவே ஆகிவிட்டது. உலகத்திலேயே கெட்டிக்கார இன்ஜினியர்கள் இருந்த அணிக்கே இந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்?

இனி டயரிடம் கேட்கும் முறைக்கு வருகிறேன். மற்ற எதை மறந்தாலும் இதை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

ஊசி முனை உள்ள டயர் வெப்பமானி ஒன்று வேண்டும். துப்பாக்கி மாதிரி நீட்டி அளக்கும் இன்ஃப்ரா ரெட் கருவி இதற்கு உதவாது. அது டயரின் தோலை மட்டும் அளக்கிறது, தோல் சில நொடிகளில் ஆறிவிடும். ஊசியை ரப்பருக்குள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குத்தி எண் நிலைக்கும்வரை பிடிக்க வேண்டும். ஒவ்வொரு டயரிலும் மூன்று இடம்: உள்ஓரம், நடு, வெளிஓரம். நாலு டயருக்குப் பன்னிரண்டு எண். ஒருவர் குத்த, ஒருவர் எழுத வேண்டும். டிரைவர் வேகமான சுற்றை முடித்த கையோடு பிட்டுக்குள் வந்துவிட வேண்டும். ஊர்வலம் மாதிரி ஒரு சுற்று ஆற அமர வந்தால், நீங்கள் அளப்பது அந்த ஊர்வலத்தைத்தான். நண்பர்களுக்குக் கை காட்டுவதெல்லாம் அப்புறம் இருக்கட்டும்.

எண்களைப் படிப்பது எப்படி? முன் இடது டயரில் உள்ஓரம் 78, நடு 84, வெளிஓரம் 93 என்று வந்தால், டயர் வெளிஓரத்தில் ஓடுகிறது, கேம்பர் போதவில்லை. உள்ஓரம் 92, நடு 86, வெளிஓரம் 82 என்று வந்தால் நன்று. நேர்ப்பாதையில் உள்ஓரம் தனியாகச் சூடேறிய கணக்கும் அதில் சேர்ந்திருக்கிறது என்பதால், உள்ஓரம் 5 முதல் 10 டிகிரி வரை கூடுதலாக இருப்பதுதான் நாம் விரும்புவது. வித்தியாசம் அதையும் தாண்டி எகிறினால் கேம்பரைக் குறையுங்கள். மூன்றும் அச்சு அசலாக ஒரே எண்ணாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், வளைவில் இன்னும் கொஞ்சம் பிடி பாக்கி இருக்கிறது. நடு மட்டும் இரு ஓரத்தையும்விடச் சூடாக இருந்தால் அது கேம்பர் பிரச்சினையே இல்லை, காற்று அதிகம். காற்றைச் சரிசெய்யாமல் கேம்பரைத் தொட்டுத் திண்டாடுகிறவர்கள் நிறைய.

கருவி வாங்கக் காசில்லை என்றால் சாக்பீஸ் போதும். டயரின் வெளிஓரத்தில், தரையைத் தொடும் பரப்பிலிருந்து பக்கச்சுவருக்கு இறங்குகிற மாதிரி மூன்று நாலு இடத்தில் பட்டையாகக் கோடு போடுங்கள். மூன்று சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். பூவெட்டு முடிகிற விளிம்போடு சாக்பீஸ் அழிந்திருந்தால் சரி. விளிம்பைத் தாண்டிப் பக்கச்சுவரில் இருந்த எழுத்துவரை அழிந்திருந்தால், டயர் மடங்கிப் படுக்கிறது. காற்று குறைவு, அல்லது கேம்பர் குறைவு, அல்லது இரண்டும்.

நம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் கடிகாரச் சுற்றில் ஓட்டுகிறோம். 3.7 கிலோமீட்டர். வலதுபுறம் திரும்புவதுதான் அதிகம் என்பதால் இடது டயர்களே பாரம் சுமக்கின்றன. அங்கே அளக்கும்போது முதலில் முன் இடதைப் பாருங்கள். அப்படியானால் இடதுக்குத் தனி கேம்பர், வலதுக்குத் தனி கேம்பர் வைக்கலாமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் நாஸ்கார் ஓவல் டிராக்கில் இடதுபுறம் மட்டுமே திரும்புகிறார்கள். வலது சக்கரத்துக்கு மைனஸ், இடது சக்கரத்துக்குப் பிளஸ் என்று கோணலாகவே வைக்கிறார்கள், அங்கே அது நியாயம். ஓட்டிவிட்டுப் பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே வீட்டுக்குப் போகிற காருக்கு வேண்டாம். ஒரு பக்கமாக இழுக்கும்.

அடுத்தது டோ. மேலேயிருந்து பார்த்தால் இரண்டு சக்கரங்களின் முன்முனைகளும் ஒன்றையொன்று பார்த்துச் சேர்ந்திருந்தால் டோ இன், விரிந்திருந்தால் டோ அவுட். கேம்பரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் டோவைப் பற்றிப் பேசுவதில்லை. டயரைத் தின்பதும் காரைச் சுழற்றி விடுவதும் பெரும்பாலும் டோதான். உள்பக்கம் டயர் தேய்ந்தால் உடனே கேம்பர் மேல் பழி போடுகிறோம். பாதி நேரம் குற்றவாளி பக்கத்திலேயே நிற்கிறது. ஒரு சக்கரத்தின் ரிம்மில் முன்னுக்கும் பின்னுக்கும் 1 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் அது ஏறக்குறைய எட்டில் ஒரு டிகிரி. அதைப் போய் ஒரு பெரிய விஷயமாக... என்று தோன்றும். அந்தக் கோணத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடினால் சக்கரம் 2 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடுகிறது. சென்னையிலிருந்து வேலூர் போய்ச் சேர்வதற்குள் எவ்வளவு ரப்பர் என்று நீங்களே பாருங்கள்.

முன்பக்கம் துளி டோ அவுட் கொடுத்தால், ஸ்டியரிங்கைத் திருப்பிய உடனே உள்சக்கரம் வளைவுக்குள் முந்தி நுழைகிறது. கார் சுறுசுறுப்பாக மூக்கைத் திருப்புகிறது. அதிகமானால் நேர்ப்பாதையில் அலைபாயும், பிரேக்கில் ஆடும். இரு சக்கரமும் சேர்த்து 1 அல்லது 2 மில்லிமீட்டருக்கு மேல் நான் போவதில்லை. புதிதாக ஓட்டுகிறவர்களுக்குப் பூஜ்யம் போதும்.

பின்பக்கத்தில் விளையாட்டே கூடாது. அங்கே டோ இன் கட்டாயம், மொத்தமாக 2, 3 மில்லிமீட்டர். ஏன்? அலைன்மென்டை நிற்கும்போது வைக்கிறோம். ஓட்டத்தில் ரப்பர் புஷ்கள் நசுங்கி அந்த எண்ணையே மாற்றிவிடுகின்றன. வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பாரம் முன்னே பாயும், பின்சக்கரம் இலேசாகும், அந்த நேரம் பார்த்துப் புஷ் நசுங்கிப் பின்சக்கரம் டோ அவுட்டுக்குப் போனால் கார் வாலைச் சுழற்றிவிடும். பழைய 911-க்கு இதில் பெயரே உண்டு. போர்ஷே இன்ஜினியர்கள் அந்த நசுங்கலையே வேலைக்கு வைத்தார்கள். 1977-ல் வந்த 928 காரின் பின்பக்கத்தில், காலை எடுத்தாலோ பிரேக் போட்டாலோ ரப்பர் நசுங்கும் திசையிலேயே சக்கரம் டோ இன்னுக்குப் போகும்படி அமைத்தார்கள். தங்கள் ஆராய்ச்சி மையம் இருந்த ஊரின் பெயரையே வைத்து வைஸாக் ஆக்ஸில் என்றார்கள். மோட்டாரும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. என்னைக் கேட்டால் அந்தக் காரில் இன்ஜினைவிட அதுதான் அழகு.

டோவை ஓடும்போதே மாற்ற முடிந்தால்? மெர்சிடிஸ் அணி 2020-ல் அதையும் செய்தது. பிப்ரவரியில் பார்சிலோனா சோதனை ஓட்டத்தில், அணியின் டிரைவர் ஹாமில்டன் ஸ்டியரிங்கைத் தன்னை நோக்கி இழுப்பதும் திரும்பத் தள்ளுவதும் காருக்குள்ளிருந்த கேமராவில் தெரிந்தது. பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். இழுக்க இழுக்க முன்சக்கரங்களின் டோ மாறியது. முன்டயரைச் சூடேற்ற அது பெரிய உதவி. ரெட் புல் ஆஸ்திரியாவில் எதிர்ப்பு மனு கொடுத்தது, தள்ளுபடி ஆயிற்று. 2021-க்கான விதியில் அதைத் தடை செய்துவிட்டார்கள். உலகத்தின் மிகப் பணக்கார அணி ஒன்று இவ்வளவு பாடுபட்டது அந்த மில்லிமீட்டர்களுக்காகத்தான்.

கேஸ்டரைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்டியரிங் சுழலும் அச்சு பின்பக்கமாகச் சாய்ந்திருப்பது கேஸ்டர். அது கூடினால், திருப்பும்போது வெளிச்சக்கரத்துக்கு மைனஸ் கேம்பர் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்புகிறீர்களோ அவ்வளவுதான் கிடைக்கும். மெதுவான கொண்டை வளைவில் நிறைய, வேகமான வளைவில் கொஞ்சமே. ஸ்டியரிங் கனக்கும். உங்கள் காரில் இடமிருந்தால் கூட்டுங்கள், இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும், அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை. டிராக்கிலேயே டோ பார்க்க நாலு ஸ்டாண்டும் மீன்பிடி நரம்பும் இரும்பு ஸ்கேலும் போதும். காரின் இரு பக்கமும், சக்கரத்தின் மைய உயரத்தில், நரம்பை இழுத்துக் கட்டுங்கள். முன்னும் பின்னும் இரண்டு நரம்புக்கும் இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். பல கார்களில் முன் அகலமும் பின் அகலமும் வேறு. அதனால் சக்கரத்திலிருந்து நரம்புக்கு உள்ள தூரம் முன்னும் பின்னும் ஒன்றாக இருக்காது, இடது வலது மட்டும் ஒன்றாக இருந்தால் போதும். பிறகு ரிம்மின் முன்விளிம்பிலிருந்து நரம்புக்கு, பின்விளிம்பிலிருந்து நரம்புக்கு அளந்து பாருங்கள். வித்தியாசம்தான் டோ. ஸ்கேலை நரம்பின் மேல் அழுத்தக் கூடாது. மூச்சுக் காற்றில்கூட அது ஆடும். தரை சமமாக இருக்க வேண்டும். ஸ்டியரிங் நேராகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஜாக்கிலிருந்து இறக்கிய காரை அப்படியே அளக்காதீர்கள், முன்னும் பின்னும் உருட்டி ஸ்பிரிங்கை உட்காரவிட்டு அளவெடுங்கள்.

ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேம்பரையும் காற்றையும் ஷாக்கையும் ஒன்றாக மாற்றிவிட்டு நேரம் குறைந்தால், எதற்கு நன்றி சொல்வது? ஓட்டுகிறவரும் சீராக ஓட்ட வேண்டும். சுற்றுக்குச் சுற்று இரண்டு நொடி வித்தியாசமாக ஓட்டுகிறவருக்கு அரை டிகிரி கேம்பர் எதையும் சொல்லாது. அவர் முதலில் இன்னும் கொஞ்சம் ஓட்டட்டும்.

வீட்டுக்கும் அதே காரில் போகிறவர்கள் முன்பக்கம் மைனஸ் 2-ல் நின்றுவிடுங்கள் என்பது என் கருத்து. டோவை ஒழுங்காக வைத்திருந்தால் டயர் தாங்கும். மைனஸ் 3-க்கு மேல் போக விரும்புகிறவர்கள் டிராக்குக்குத் தனிச் சக்கரம், தனி டயர் வைத்துக்கொள்வது சிக்கனம்.

நேரமாகிவிட்டது. வெளியே ஒரு கேமன் நிற்கிறது, நரம்பு கட்டியாயிற்று. டயரில் காற்று சரி, டேங்கில் பாதி பெட்ரோல். ஓட்டுகிறவரின் எடை இல்லாமல் அளந்தால் எல்லாமே தப்பாகும். மணல் மூட்டை கொண்டுவர மறந்துவிட்டார்கள். ஆகவே 75 கிலோவுக்குப் பக்கத்தில் இருப்பவர் யாராவது ஒருவர் முன்வந்து, அரை மணி நேரம் சீட்டில் அசையாமல் உட்கார வேண்டும். போன் பார்க்கலாம், குனியக் கூடாது.